கரையான் வந்த வழி

1. மேல்மலையில் உள்ள போளூரிலிருந்து கீழே பெருமாள்மலைக்குக் குடிவந்தோம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.
2. ஊரில் பிரித்த பழைய வீட்டின் பலகைகளை அப்பா லாரியில் கொண்டுவந்து, குளிர் தாங்குவதற்காக முன்னறைச் சுவரில் அடித்தார்.
3. ஐப்பசி மழையில் அந்தப் பலகைகளுக்குப் பின்னால் கரையான் ஏறியது. அப்பா பார்த்தார். மண்ணெண்ணெய் தடவினார். யாரிடமும் சொல்லவில்லை.
4. பத்து நாள் கழித்து, அடுத்த வீட்டு அத்தையின் சுவரில் கரையான் தெரிந்தது.
5. அத்தை வைத்திருந்த மரப்பெட்டிதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். பெட்டியை உடைத்து எரித்தார்கள்.
6. கிறிஸ்துமஸுக்கு முன்பே அத்தை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன் நம் பள்ளி நண்பர்களின் போன் குழுவில் ஒருவர் அந்த லைன் வீடுகளின் படத்தைப் போட்டிருந்தார். கடைசி வீட்டை வட்டமிட்டு, ‘கரையானம்மா வீடு, ஞாபகம் இருக்கா’ என்று கேட்டிருந்தார். நிறையப் பேர் சிரித்திருந்தீர்கள். பெட்டிக்குள் பாம்பு இருந்தது என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். நான் அங்கே ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் வகுப்பில் நானும் அந்த அத்தையை அப்படித்தான் சொன்னேன்: வீட்டில் அத்தை, பள்ளியில் கரையானம்மா. அந்தப் படத்துக்கான பதில் இது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் வீடு. ஐந்து வீடுகளுக்கு ஒரே தகரக் கூரை. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். எல்லாச் சுவர்களின் தலையிலும், முதல் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடுவரை ஒரு மர உத்திரம் அறுபடாமல் ஓடியது. கூரையின் பாரம் அதில்தான் இறங்கியது. சாலையை ஒட்டிய கடைசி வீடு அத்தையுடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. மற்ற மூன்று வீட்டாருக்கும் இதில் வேலை இல்லை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம்.

அத்தை எங்களுக்கு உறவு இல்லை. சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலில் வந்தவர். தனியாகத்தான் இருந்தார். விடியும் முன்பே அடுப்பு மூட்டி இடியாப்பம் அவிப்பார். மலையேறி வரும் லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அவர் வாசல் பலகையில் உட்கார்ந்து தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டுப் போவார்கள். அவருடைய பிழைப்பு முழுக்க அந்த வீடு சாலையோரம் இருந்ததில்தான் இருந்தது. உள்ளே பத்தடி தள்ளி இருந்தாலும் வண்டிகள் நின்றிருக்காது. உடைந்த இடியாப்பமெல்லாம் எனக்கு. பள்ளிக்குப் போகும் முன் அவர் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

“வெரசா தின்னு புள்ள. பள்ளிக்கூடத்து மணி உனக்காகச் சுணங்காது,” என்பார்.

இனி பலகைகள். நாங்கள் மேல்மலைக்காரர்கள். போளூரில் வீட்டுச் சுவரின் உள்பக்கம் பலகை அடிப்பது வழக்கம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, அதில் காய்ந்த புல்லைத் திணிப்பார்கள். கீழே காற்று நுழையாமலிருக்கப் பலகையின் அடியை ஒரு சாண் ஆழத்துக்குத் தரையில் புதைப்பார்கள். அந்த அறைக்குள் போனால் புல் வாசனையும், ஓரத்தில் காயும் பூண்டின் வாசனையும் சேர்ந்து அடிக்கும். பெருமாள்மலையில் எங்கள் ஊர் அளவு குளிர் இல்லை. இருந்தாலும் பலகை இல்லாத சுவரை அப்பாவால் வீடு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒத்தாசைக்கு வந்த ஆசாரி பெருமாள்மலைப் பக்கத்து ஆள். கரையானைச் செல்லு என்பார்.

“அண்ணே, கீழ ஒரு சாண் விட்டு அடிப்போம். தரையில முட்ட வேண்டாம். இங்க செல்லு ஏறும்.”

“இது எங்க ஊர் மரங்க. எங்க தாத்தா காலத்துல நட்ட பலகை. இன்னிக்கி வரைக்கும் ஒரு ஓட்டை உண்டா, பாருங்க. இதுல எது ஏறும்?”

“மரம் உங்க ஊருதாண்ணே. மண்ணு எங்க ஊருல்ல.”

அப்பா சிரித்தார். தரையின் சிமெண்டைக் கொத்தி, ஒரு சாண் பள்ளம் எடுத்து, பலகைகளை நட்டார். கொண்டுவந்திருந்த புல்லைத் திணித்தார். ஆசாரி ஆணியடித்துவிட்டு டீ குடித்துப் போனார்.

அப்பாவை இதில் நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். போளூரில் நாங்கள் யாரும் கரையானைப் பார்த்ததில்லை. அங்கே மரத்தில் பாசி பிடிக்கும், ஓரம் நைந்து போகும், ஆனால் எதுவும் அதைத் தின்னாது. காரணம் மரம் அல்ல, அந்த உயரத்துக் குளிர் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மூன்று தலைமுறை நின்ற பலகையை எங்கே நட்டாலும் நிற்கும் என்று நம்பினார்கள். மேல்மலையிலிருந்து கீழே குடிவந்த வேறு சிலரும் இதே தப்பைச் செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இப்போது என் வேலையே பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான். அதனால் கரையானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். நம் மலையில் வீடுகளில் ஏறும் கரையான் வீட்டில் குடியிருப்பதில்லை. அதன் கூடு மண்ணுக்குள் இருக்கும். ராணி அங்கேதான் இருக்கும், முட்டையும் அங்கேதான். வீட்டுக்கு வருவதெல்லாம் வேலைக்காரக் கரையான்கள். அவை இரை தேடி வந்து, எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும். வெளிச்சமும் வறண்ட காற்றும் அவற்றுக்கு ஆகாது. அதனால் மண்துகளை எச்சிலில் குழைத்து, பென்சில் கனத்தில் ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஏறும். உள்ளே ஈரமாகவும் இருட்டாகவும் இருக்கும். மரத்துக்குள் போனபின் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே மட்டும் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை பலகையாகவே இருக்கும்.

அதற்கு வேண்டியவை நான்கு: மண்ணின் தொடர்பு, ஈரம், இருட்டு, மரம். அப்பா கட்டிய சுவரில் நான்கும் இருந்தன. புல் வேறு கூடுதல். எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெட்டிய சில்வர் ஓக் ஒன்றின் அடிக்கட்டை மக்கிக்கொண்டிருந்தது. கூடு அதன் அடியில் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து எங்கள் பலகையின் புதைந்த காலுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும்.

மழை பிடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா துவைக்கப் போயிருந்தபோது, அப்பா ஒரு பலகையை நெம்பிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் இருந்த சுவரில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடு. அப்பா கரண்டியால் சுரண்டினார். உள்ளிருந்து சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தன. பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, துணியில் நனைத்து, கீழிருந்து கைக்கு எட்டிய உயரம்வரை தடவினார்.

“சொல்லாத. அம்மாட்டயும் சொல்லாத. மேல்மலைக்காரன் கொண்டாந்த மரத்துல செல்லு ஏறிருச்சுன்னு ஆசாரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.”

அம்மா வந்து மூக்கைச் சுளித்தார். “என்னங்க இந்த வாடை?”

“அடுப்புக்கு ஊத்தும்போது சிந்திருச்சு.”

மண்ணெண்ணெய்க்குக் கூட்டை அழிக்கும் சக்தி இல்லை. பட்ட இடத்தில் இருப்பவை சாகும். மற்றவை சுற்றிப் போகும். தடவாத இடத்தில் வழி எடுத்து, பலகையின் உள்ளேயே மேலே ஏறி, உத்திரத்தைத் தொட்டிருக்கின்றன. உத்திரம் அத்தை வீட்டுக்கும் போகிறது. அவையும் போயின.

அத்தை வீட்டில் அதை முதலில் பார்த்தது நான்தான். காலையில் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, ஆவிக்குள் நிமிர்ந்து பார்த்தேன். எங்களுக்குப் பொதுவான சுவரில், உத்திரத்திலிருந்து ஒரு கோடு இறங்கி வந்திருந்தது. முழங்கை நீளம் இருக்கும். அதன் நுனி ஈரமாக, கருமையாக இருந்தது. நேர் கீழே அத்தையின் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பலாப்பலகையில் செய்தது. நீளம் என் உயரம் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் நிறம். கற்பூர வாசனை அடிக்கும். அத்தையின் அப்பா தோட்டத்தை விட்டு வரும்போது, லயம் என்ற தோட்டக் குடியிருப்பின் ஆசாரி ஒருவர் செய்துகொடுத்ததாம். அதில் அத்தை சேலைகளும், ஒரு கம்பளியும், அவர்கள் குடும்பத்தின் காகிதங்களும் வைத்திருந்தார்.

“அத்தை, இங்க பாருங்க,” என்றேன். பார்த்தார். விளக்குமாற்றால் தட்டிவிட்டார். மறுநாள் காலை கோடு அதே இடத்தில், இன்னும் இரண்டு விரல் நீளமாக இருந்தது. வேறு ஒருவர் என்றால் மறைத்திருப்பார். அத்தை அன்றைக்கே போய் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

சார் குடையோடு வந்தார். குடையின் நுனியால் கோட்டைத் தொட்டார். பிறகு பெட்டியைத் தொட்டார்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“எங்கப்பா கொண்டாந்தது சார். அக்கரையிலருந்து.”

“அப்ப இதுலதான் வந்திருக்கு.”

“இது வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க.”

“முட்டையா இருந்திருக்கும். இப்ப பொரிச்சிருக்கு.”

“முப்பது வருசமாவா சார் அடைகாத்துச்சு?” என்று அத்தை கேட்டார். வாசலில் நின்ற டிரைவர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சாருக்குப் பிடிக்கவில்லை. அதுவரை சந்தேகமாக இருந்தது அந்த நிமிஷத்தில் தீர்மானமாகிவிட்டது என்று நினைக்கிறேன். பெட்டியை எரிக்க வேண்டும், தரையைக் கொத்தி மருந்து ஊற்ற வேண்டும், அதற்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார். அப்பா எங்கள் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அந்த வாரம் ஒரு வேலை செய்தேன். அறிவியல் நோட்டில் இரண்டு வீட்டையும் கோடு போட்டு வரைந்தேன். எங்கெங்கே மண்கோடு இருக்கிறது என்று குறித்தேன். எங்கள் வீட்டில், அப்பா நெம்பிய பலகையின் பின்னால், மூன்று; மூன்றும் தரையிலிருந்து மேலே. அத்தை வீட்டில் ஒன்று, மேலிருந்து கீழே. அத்தையின் தரையை, அடுப்படி மூலைவரை, குனிந்து தேடினேன். தரையிலிருந்து கிளம்பும் கோடு ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டுக் கோட்டில் ஓர் இடத்தை நகத்தால் உடைத்து வைத்தேன். மறுநாள் அது ஈர மண்ணால் மூடப்பட்டிருந்தது. இதையும் எழுதினேன். ‘நம் வீட்டில் இருந்துதான் போகிறது’ என்று கீழே எழுதி அடிக்கோடிட்டேன்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் முழுவதும் படித்தார். படித்துவிட்டு நோட்டை மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“யார்ட்டயும் காட்டுனியா?”

“இல்லப்பா.”

“காட்ட வேண்டாம். நம்மளும் வாடகைக்கு இருக்கோம். சார் நம்மளயும் போகச் சொல்லிட்டா உன் படிப்பு என்னாகும்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. போளூரில் அப்போது ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லை. ஒரு வருடம் முன்னதாகவே நாங்கள் கீழே வந்தது என் படிப்புக்காகத்தான். மறுநாள் அவர் எனக்குப் புது நோட்டு வாங்கிவந்தார். நீள நோட்டு, தடித்த அட்டை. அதுவரை என்னிடம் அப்படி ஒன்று இருந்ததில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

பெட்டியை உடைத்தது சனிக்கிழமை காலை. சார் ஆசாரியைக் கூப்பிட்டிருந்தார். அத்தை உள்ளிருந்து சேலைகளையும் காகிதங்களையும் எடுத்து ஒரு சாக்கில் கட்டிக்கொண்டார். ஆசாரி மூடியில் கோடாலியை இறக்கினார். அது எகிறியது. இரண்டாவது வெட்டுக்கும் எகிறியது. நாலைந்து வெட்டுக்குப் பிறகு பிளந்தது. பிளந்த பக்கம் முழுக்க மஞ்சள். ஆசாரி அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்தார்.

“சார், இது மணி மாதிரி இருக்கு. ஒரு ஓட்டை இல்ல. செல்லு இதத் தொடவே இல்ல.”

“நீ வெட்ட வந்தியா, பேச வந்தியா?”

“வெட்டத்தான் வந்தேன். கண்ணுல படுறதச் சொன்னேன்.”

அவர் சொல்லும்போது எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். அப்பா முற்றத்தில்தான் நின்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புது நோட்டோடு நின்றேன். துண்டு மஞ்சளாக இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சாரும் பார்த்தார். பிறகு அதை அடுக்கிக் கொளுத்தினார்கள். வைரம் பாய்ந்த மரம், லேசில் பிடிக்கவில்லை. அத்தை அடுப்புக்குப் போய், எங்கள் எல்லோருக்கும், சாருக்கும்கூட, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

வேலை முடிந்ததும் திரும்பி வரலாம் என்று சார் சொல்லியிருந்தார். அத்தை டிசம்பர் நடுவில் போனார். தரையைக் கொத்தினார்கள். கூடு எதுவும் இல்லை. மருந்து ஊற்றி, சிமெண்ட் போட்டு, வெள்ளையடித்தபின், வீட்டை ஒரு பேக்கரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தை வட்டக்கானலில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். சில வாரங்கள் லாரிகள் பழக்கத்தில் அங்கே நின்றன. பிறகு நிற்கவில்லை.

அடுத்த கோடையில் அப்பா ஒரு காலண்டர் மாட்ட ஆணியடித்தார். ஆணி, சுத்தியல், முஷ்டி மூன்றும் பலகைக்குள் போயின. உள்ளே வெறும் மண்ணும் தாள் மாதிரி மேல்தோலும்தான். அவர் ஒவ்வொரு பலகையாகப் பிரித்து, விறகோடு விறகாக அடுப்பில் வைத்து, ஒரு மாதத்தில் தீர்த்தார். ஒருநாள் அம்மா, பலகையை அடுப்பில் தள்ளிக்கொண்டே, “இதுவும் கப்பல்ல வந்துச்சோ?” என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

என் படிப்பு நின்றுபோகவில்லை. பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, இந்த வேலைக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் போளூருக்கே திரும்பிப் பூண்டு போடுகிறார்கள்.

குழுவில் அந்தப் படம் வந்த பிறகு, வட்டக்கானலுக்கு ஒரு விடுதியின் கூரையைப் பார்க்கப் போகவேண்டி வந்தது. வேலையை முடித்துவிட்டு விசாரித்தேன். மூன்றாவது இடத்திலேயே அத்தை கிடைத்தார். இன்னும் சமையல்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

நான் வரிசையாகச் சொன்னேன். பலகை, மண்ணெண்ணெய், உத்திரம், நோட்டு. அவர் வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“உங்க வீட்டு மேல எனக்கு அப்ப சந்தேகமே வரல புள்ள. அதான் இப்ப கஷ்டமா கெடக்கு. சார்கிட்ட எதுத்துப் பேசினேனே தவிர, ஊரே சொல்லச் சொல்ல நம்ம பெட்டிதான்னு நானே நம்பிட்டேன். இவ்வளவு வருசமா எங்கப்பாவத்தான் ஏசினேன். எதுக்கு இதத் தூக்கிட்டு வந்தாரு, இதால என் சோலி போச்சேன்னு. செத்த மனுசன.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீ சின்னப்புள்ள. உன்கிட்ட எனக்கு என்ன வழக்கு? உங்கப்பாரு இருக்காருல்ல?”

“இருக்காங்க, அத்தை. போளூர்ல.”

“அவரு வந்து சொல்லட்டும். பெரிய மனுசன் செஞ்சத புள்ளய விட்டுச் சொல்லக் கூடாது. ஞாயித்துக்கெழம எனக்கு வேல இல்ல. பின்னால என் ரூம்பு, அந்தக் காம்பராவுலதான் இருப்பேன். வந்து வாசல்ல நின்னு, என் மரத்துலருந்துதான் வந்துச்சும்மான்னு ஒரு வார்த்த. உக்காரக்கூட வேணாம்.”

அன்றே அப்பாவுக்குப் போன் செய்தேன். “அந்தம்மா இன்னும் இருக்கா?” என்றார். பூண்டு எடுப்பு முடியட்டும், வருகிறேன் என்றார். அடுத்த முறை கேட்டபோது, மழையில் பாதை சரியில்லை என்றார். போன வாரம் கேட்டபோது, “போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?” என்றார். நான் கூட வருகிறேன் என்று சொன்னேன்.

இன்றைய நிலை: பூண்டு எடுத்து முடித்து மூன்று வாரம் ஆகிறது. பாதை சரியாகிவிட்டது, பஸ் ஓடுகிறது. அப்பா இன்னும் வட்டக்கானலுக்குப் போகவில்லை.